எங்கள் கிணற்றுக்குக் கீழே: கல்லும் தண்ணீரும் உயிரும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறு இல்லை. மாரியில் மட்டும் ஓடிக் கோடையில் காய்ந்துவிடும் வழுக்கியாறு ஒன்றுதான் இருக்கிறது. மலையும் இல்லை, வன்னியில் இருப்பதுபோன்ற பெருங்குளங்களும் இல்லை. ஆண்டு முழுவதற்குமான மழையில் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையான சில வாரங்களில் பெய்து முடிந்துவிடுகிறது. இருந்தும் பல நூற்றாண்டுகளாக இந்தச் சிறிய நிலத்தில் மக்கள் நெருக்கமாக வாழ்ந்திருக்கிறார்கள். கோடையிலும் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் விளைவித்திருக்கிறார்கள். அதற்குத் தேவையான தண்ணீரை அவர்களுக்குக் கொடுத்தது நிலத்துக்குக் கீழே இருக்கும் சுண்ணக்கல்.

அந்தக் கல் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், உயிர்களிடமிருந்து வந்தது என்பதே பதில்.

மயோசீன் என்று புவியியலாளர்கள் அழைக்கும் காலம் ஏறக்குறைய 230 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர் தொடங்கியது. அந்தக் காலத்தில் இன்றைய குடாநாடும் அதை அண்டிய கரையோரமும் ஆழமற்ற வெதுவெதுப்பான கடலாக இருந்தன. அந்தக் கடலில் வாழ்ந்த முருகைகளும் சிப்பிகளும் சங்குகளும் கண்ணுக்குத் தெரியாத ஓட்டுயிரிகளும் கடல்நீரில் கரைந்திருந்த கல்சியத்தையும் காபனையும் எடுத்துத் தமக்கான ஓடுகளைக் கட்டின. அவை இறந்தபின் ஓடுகள் அடியில் படிந்தன. படிவின்மேல் படிவு விழுந்து இறுகி, பல பத்து மீற்றர் தடிப்பான பாறையானது. வலிகாமத்தில் கிணறு வெட்டியவர்கள் கல்லுக்குள் சிப்பியின் வடிவத்தைக் கண்டிருப்பார்கள். நாங்கள் வீடு கட்டிக் குடியிருப்பது ஒரு பழைய கடலின் உயிர்கள் விட்டுச்சென்ற ஓடுகளின் மேல்தான்.

நான் புவியியல் படித்தவன் அல்லன். ஊடகக் கற்கை படித்து, மீள்குடியேற்றம் பற்றியும் காணி பற்றியும் எழுதிவருபவன். காணியைப் பற்றி எழுதப்போன இடங்களிலெல்லாம் பேச்சு கடைசியில் தண்ணீரில்தான் வந்து நின்றது. தண்ணீரைப் பற்றி விளங்கிக்கொள்ள முயன்றபோது கல்லைப் பற்றியும், கல்லைப் பற்றிப் படித்தபோது உயிர்களைப் பற்றியும் அறிய வேண்டியிருந்தது. அப்படித் தேடிப் படித்தவற்றை ஓரிடத்தில் தொகுத்துத் தருவதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

உயிர் சூழலுக்கு ஏற்ப மாறுகிறது, சூழலையும் மாற்றுகிறது

பாடசாலையில் நாங்கள் படித்தது பாதிக் கதை. பாலைவனத்தில் ஒட்டகம், பனியில் வெண்கரடி, வறண்ட மண்ணில் பனை என, சூழலுக்கு ஏற்ப உயிர் தன்னை மாற்றிக்கொள்கிறது என்று படித்தோம். உயிர்களும் சூழலை மாற்றுகின்றன, அந்த மாற்றம் பிறகு உயிர்களையே திரும்ப மாற்றுகிறது என்பது மற்றப் பாதி.

இதற்கு மிகப் பெரிய உதாரணம் நாங்கள் மூச்சில் இழுக்கும் காற்று. பூமி உருவாகி ஏறக்குறைய 454 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அதன் முதற்பாதியில் வளிமண்டலத்தில் ஒட்சிசன் கிட்டத்தட்ட இல்லை. கடலில் வாழ்ந்த சயனோபக்ரீரியா என்னும் நுண்ணுயிர்கள் சூரிய ஒளியைக் கொண்டு தண்ணீரைப் பிரித்து உணவு தயாரிக்கக் கற்றுக்கொண்டன. அந்த வேலையில் அவற்றுக்கு வேண்டாத கழிவாக வெளியேறியதுதான் ஒட்சிசன். முதலில் அது கடலில் கரைந்திருந்த இரும்போடு சேர்ந்து துருவாகி அடியில் படிந்தது. உலகின் பெரும் இரும்புச் சுரங்கங்கள் பலவற்றில் இன்று தோண்டப்படுவது அந்தப் படிவுகள்தான். ஒட்சிசனோடு சேரக்கூடிய பொருட்கள் குறைந்துவந்தபோது, ஏறக்குறைய 240 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், அது வளிமண்டலத்தில் சேரத் தொடங்கியது.

அப்போது வாழ்ந்த பெரும்பாலான நுண்ணுயிர்களுக்கு ஒட்சிசன் நஞ்சு. அவற்றுள் பல அழிந்திருக்க வேண்டும். தப்பியவற்றின் வழிவந்தவை இன்றும் சேற்றுக்கு அடியிலும் மாட்டின் இரைப்பையிலும் ஒட்சிசன் படாத இடங்களில் வாழ்கின்றன. பூமியைச் சூடாக வைத்திருந்த மெதேன் வாயுவை ஒட்சிசன் குறைத்தது. அந்தக் காலத்தை ஒட்டிப் பூமி கடும் உறைபனிக்குள் போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்று கருதப்படுகிறது. ஆனால் அதே ஒட்சிசன்தான் மேலே ஓசோன் படையாகிப் புறஊதாக் கதிர்களைத் தடுத்தது. பெரிய உடலுள்ள உயிர்கள் தோன்றுவதற்கும் அதுவே வழிவிட்டது. இன்று வளிமண்டலத்தில் ஏறக்குறைய 21 வீதம் ஒட்சிசன். மரங்களும் பயிர்களும் கடலின் நுண்பாசிகளும் அதை இன்னும் நிரப்பிக்கொண்டிருக்கின்றன.

வலிகாமத்தின் செம்பாட்டு மண்ணுக்குச் சிவப்பு நிறத்தைக் கொடுப்பதும் இரும்பு ஒட்சைட்டுத்தான், எளிய தமிழில் சொன்னால் துரு. துருப்பிடிக்க ஒட்சிசன் வேண்டும், ஒட்சிசனைக் கொடுத்தது உயிர். மழைக்காலத்தில் எங்கள் காலில் ஒட்டிக்கொள்ளும் மண்ணின் நிறம்கூட உயிர்களின் வேலையோடு தொடர்புடையது.

லவ்லொக்கும் மார்குலிஸும் சொன்னது

உயிரையும் பூமியையும் சேர்த்துப் பார்க்கும் எண்ணம் புதிதல்ல. சார்ள்ஸ் டார்வின் 1881 இல் வெளியிட்ட தன் கடைசி நூலில் மண்புழுக்கள் நிலத்தை எப்படிப் புரட்டி மாற்றுகின்றன என்று எழுதினார். ரஷ்ய விஞ்ஞானி விளாடிமிர் வெர்னாட்ஸ்கி 1926 இல், உயிர்களின் தொகுதி பூமியின் மேற்பரப்பை மாற்றும் ஒரு புவியியல் விசை என்று வாதிட்டார்.

பிரித்தானிய விஞ்ஞானி ஜேம்ஸ் லவ்லொக் 1960களில் நாசாவுக்காகப் பணியாற்றினார். செவ்வாயில் உயிர் இருக்கிறதா என்று கண்டறியும் வழியைத் தேடியபோது, ஒரு கோளின் வளிமண்டலத்தைப் பார்த்தாலே போதும் என்ற முடிவுக்கு அவர் வந்தார். செவ்வாயிலும் வெள்ளியிலும் வளிமண்டலத்தில் 95 வீதமும் அதற்குச் சற்று மேலும் காபனீரொட்சைட்டு. அவை அடங்கி ஓய்ந்த வளிமண்டலங்கள். பூமியிலோ ஒட்சிசனும் மெதேனும் ஒன்றாக இருக்கின்றன. இவை இரண்டும் ஒன்றையொன்று அழிக்கக்கூடியவை. இரண்டும் தொடர்ந்து இருக்க வேண்டுமானால் யாரோ இரண்டையும் இடைவிடாமல் நிரப்ப வேண்டும். பூமியில் அந்த வேலையைச் செய்வது உயிர்கள்.

1970களில் அமெரிக்க நுண்ணுயிரியலாளர் லின் மார்குலிஸுடன் சேர்ந்து லவ்லொக் இந்த எண்ணத்தை வளர்த்தார். உயிர்களும் காற்றும் கடலும் பாறையும் ஒன்றோடொன்று பிணைந்து இயங்குகின்றன, அந்தப் பிணைப்பு உயிருக்கு ஏற்ற நிலையைப் பேணுகிறது என்பதே கையா கருதுகோள். கிரேக்கப் பூமித் தெய்வத்தின் இந்தப் பெயரை அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் அயலில் வசித்த நாவலாசிரியர் வில்லியம் கோல்டிங்.

விமர்சனமும் உடனே எழுந்தது. பூமிக்கு ஒரு நோக்கம் இருப்பதுபோலப் பேசுவது விஞ்ஞானம் அல்ல என்று உயிரியலாளர்கள் சொன்னார்கள். உயிர்கள் பூமியின் நன்மைக்காக உழைப்பதில்லை, ஒவ்வொன்றும் தன் வழியையே பார்க்கிறது என்று ரிச்சர்ட் டோக்கின்ஸ் போன்றோர் வாதிட்டார்கள். இதற்குப் பதிலாக 1983 இல் லவ்லொக்கும் அன்ட்ரூ வட்சனும் ஒரு கற்பனைக் கோளைக் கணித மாதிரியாக அமைத்துக் காட்டினார்கள். அதில் கறுப்பு, வெள்ளை என இரண்டு நிறப் பூக்கள் மட்டும் இருக்கின்றன. குளிரில் வெப்பத்தை உறிஞ்சும் கறுப்புப் பூக்கள் பெருகிக் கோளைச் சூடாக்குகின்றன. வெயில் கூடும்போது ஒளியைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூக்கள் பெருகிக் குளிர்விக்கின்றன. எந்தப் பூவும் கோளைப் பற்றிக் கவலைப்படவில்லை. இருந்தும் வெப்பநிலை நீண்டகாலம் ஒரு அளவில் நிற்கிறது. யாருடைய திட்டமும் இல்லாமலே சமநிலை உருவாக முடியும் என்று காட்டுவதே அந்த மாதிரியின் பயன்.

இன்று பூமி ஒரு உயிர் என்று சொல்லும் விஞ்ஞானிகள் மிகக் குறைவு. உயிரும் சூழலும் ஒன்றையொன்று உருவாக்குகின்றன என்பதை மறுப்பவர்களும் மிகக் குறைவு. இரண்டுக்கும் இடையில் உள்ள வித்தியாசம் எங்களுக்கு முக்கியமானது. பூமித்தாய் எப்படியும் சரிசெய்துகொள்வாள் என்று சிலர் ஆறுதல் சொல்வதுண்டு. ஒட்சிசனின் கதையைப் பார்த்தால் அந்த ஆறுதலுக்கு இடமில்லை. பூமி சரியாகத்தான் போனது. ஆனால் அப்போது வாழ்ந்தவர்களுக்கு அல்ல, பின்னால் வந்தவர்களுக்கு.

கல்லுக்குள் பூட்டிவைத்த காற்று

சுண்ணக்கல் கட்டுவதற்கான கல் மட்டுமல்ல. அது இறுகிப்போன காபனீரொட்சைட்டும்கூட. வெள்ளிக் கோளின் மேற்பரப்பு ஏறக்குறைய 460 பாகை செல்சியஸில் கொதிக்கிறது. காரணம் அதன் தடித்த காபனீரொட்சைட்டுப் போர்வை. பூமியிலும் அதற்கு ஒப்பான அளவு காபன் இருக்கிறது. ஆனால் அதில் பெரும்பகுதி பாறைக்குள் இருக்கிறது. மழை காற்றிலுள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்து எடுக்கிறது, அந்த மென்னமிலம் பாறைகளை அரிக்கிறது, ஆறுகள் கரைசலைக் கடலுக்குக் கொண்டுபோகின்றன, ஓட்டுயிர்கள் அதை எடுத்து ஓடாக்கிக் கல்லாக்குகின்றன. இந்தச் சுழற்சி பூமியின் வெப்பநிலையை மிக மெதுவாகச் சீராக்குகிறது. ஒரு சுற்றுச் சீராக்கத்துக்கு இலட்சக்கணக்கான ஆண்டுகள் எடுக்கும்.

அந்தப் பூட்டைத் திறப்பது சுலபம். தூய சுண்ணக்கல் 100 கிலோவைச் சூளையில் சுட்டால் 44 கிலோ காபனீரொட்சைட்டு வெளியேறும். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு சுட்ட சிறு சூளையிலும் சீமெந்துத் தொழிற்சாலையிலும் நடப்பது இதே மாற்றந்தான். உலகம் முழுவதும் மனிதர் வெளியேற்றும் காபனீரொட்சைட்டில் 7 முதல் 8 வீதம் வரை சீமெந்து உற்பத்தியிலிருந்து வருகிறது. நிலக்கரியும் எண்ணெயும் எரிவதையும் சேர்த்துப் பார்த்தால், கைத்தொழில் புரட்சிக்கு முன்னர் பத்து இலட்சத்துக்கு 280 பங்காக இருந்த காபனீரொட்சைட்டு இன்று 420 பங்கைத் தாண்டிவிட்டது.

காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950களிலிருந்து 1990 இல் போர் அதை நிறுத்தும்வரை இந்தக் கல்லைத் தோண்டி அரைத்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு அது சோறு போட்டது, இதை மறக்கக்கூடாது. அதே வேளை கல் எடுத்த பெருங்குழிகள் வலிகாமம் வடக்கில் இன்றும் கிடக்கின்றன. அந்தத் தொழிற்சாலையை மீண்டும் இயக்குவது பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் வேலையா தண்ணீரா என்று கேள்வி இரண்டாகப் பிரிக்கப்படுகிறது. அந்தக் கல்லுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு பேசினால் விவாதம் இன்னும் பயனுள்ளதாக இருக்கும்.

வேர்கள் செதுக்கிய நீர்த்தொட்டி

கல்லுக்குள் தண்ணீர் எப்படித் தங்குகிறது? அதிலும் உயிருக்குப் பங்கு உண்டு. மரங்களின் வேர்களும் மண்ணின் நுண்ணுயிர்களும் மூச்சு விடுகின்றன. அதனால் மண்ணுக்குள் இருக்கும் காற்றில் வெளிக்காற்றைவிடப் பத்து மடங்கு முதல் நூறு மடங்கு வரை அதிக காபனீரொட்சைட்டு இருக்கிறது. மழைநீர் அதைக் கரைத்துக்கொண்டு இறங்கும்போது சுண்ணக்கல்லைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. வெடிப்புகள் அகன்று குழாய்களாகின்றன, குழாய்கள் குகைகளாகின்றன. நிலாவரையும் கீரிமலை ஊற்றும் இப்படிக் கரைந்த கல்லின் வெளிவாசல்கள்தான். பழைய உயிர்களின் ஓடுகளால் ஆன கல்லை, பின்வந்த உயிர்களின் மூச்சு நீர்த்தொட்டியாகச் செதுக்கியிருக்கிறது.

அந்தத் தொட்டியில் உள்ள நன்னீர் கடல்நீரின்மேல் மிதக்கிறது. நன்னீர் இலேசானது, உவர்நீர் கனமானது. கோட்பாட்டளவில், கடல்மட்டத்துக்கு மேலே ஒரு அடி நன்னீர் நின்றால் கடல்மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் இருக்கும். மாறிச் சொன்னால், மேலே ஒரு அடி இறங்கினால் கீழே 40 அடி போய்விடும். நிலாவரையில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது இதனால்தான். அளவுக்கு மிஞ்சி இறைத்த கிணறு உவராவதும் இதே காரணத்தால்தான்.

துலாவும் பட்டையும் இருந்த காலத்தில் ஒரு நாளில் இறைக்கக்கூடிய தண்ணீருக்கு மனித உடம்பே எல்லை. துலா மிதிப்பவர் களைத்தால் கிணறும் ஆறும். இயந்திரம் வந்தபின் அந்த எல்லை போய்விட்டது. மழைநீரைத் தேக்கி நிலத்துக்குள் இறக்கிய நூற்றுக்கணக்கான குளங்களும் குட்டைகளும் தூர்ந்தும் நிரப்பப்பட்டும் போயின. எடுப்பது கூடி, இறங்குவது குறைந்தது.

நைதரசனின் கணக்கு

தாவரத்துக்கு நைதரசன் வேண்டும். காற்றில் 78 வீதம் நைதரசன் இருந்தாலும் தாவரத்தால் அதை நேரடியாக எடுக்க முடியாது. பயறு, சணல் போன்றவற்றின் வேர் முடிச்சுகளில் வாழும் பக்ரீரியாக்கள் அதை எடுத்துத் தாவரத்துக்கு ஏற்றதாக மாற்றிக்கொடுக்கின்றன. எங்கள் தோட்டங்களில் பூவரசும் கிளிசரிடியாவும் வெட்டிக் குழை தாழ்த்தியது, பட்டி அடைத்தது, சணல் விதைத்து உழுது மடித்தது எல்லாம் நைதரசனை உயிர்களின் வழியாக மண்ணுக்குக் கொடுத்த முறைகள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மனிதர் இதைத் தொழிற்சாலையில் செய்யக் கற்றுக்கொண்டார்கள். அதன் விளைவுகளில் ஒன்று யூரியா. இன்று உலக மக்களில் ஏறக்குறைய பாதிப்பேரின் உணவு அந்தச் செயற்கை நைதரசனில் தங்கியிருக்கிறது என்று மதிப்பிடப்படுகிறது.

பயிர் எடுக்காத நைதரசன் நைத்திரேற்றாகத் தண்ணீரோடு கீழே இறங்குகிறது. வெடிப்பும் துவாரமும் நிறைந்த சுண்ணக்கல் அதை வடிகட்டுவதில்லை. அதே தண்ணீரை அதே கிணற்றால் மீண்டும் இறைத்து அதே தோட்டத்துக்கு ஊற்றுகிறோம், மீண்டும் உரம் போடுகிறோம், மீண்டும் இறங்குகிறது. நெருக்கமான குடியிருப்புகளில் மலசலகூடக் குழிகளிலிருந்து வருவதும் இதோடு சேர்கிறது. குடாநாட்டுக் கிணறுகளில் நைத்திரேற்று மிகுதியாக இருப்பதை 1980களிலேயே ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதற்கு மேலான தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தைகளின் இரத்தம் ஒட்சிசனைக் காவும் திறனை இழக்கலாம்.

போர்க்காலத்தில் இந்தக் கணக்கு வேறு விதமாக இருந்தது. 1990களில் வடக்கின்மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடைப் பட்டியலில் யூரியாவும் இருந்தது, மண்ணெண்ணெய்க்கும் கட்டுப்பாடு இருந்தது. பலர் எருவுக்கும் குழைக்கும் திரும்பினார்கள். அப்படித் திரும்பியதை யாரும் சூழல் நேசம் என்று மெச்ச வேண்டியதில்லை. அது திணிக்கப்பட்ட பட்டினியின் ஒரு பக்கம். 2021 இல் அரசாங்கம் இரசாயன உரத்தை ஒரே நாளில் தடைசெய்தபோதும் இதே பாடத்தைத்தான் நாடு முழுவதும் படித்தது. விளைச்சல் விழுந்தது, அதே ஆண்டு நொவம்பரில் தடை தளர்த்தப்பட்டது. உயிர்களின் சுழற்சியைக் கட்டளையால் ஒரு போகத்துக்குள் திருப்ப முடியாது.

நான் சந்திக்கும் தோட்டக்காரர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். உரத்தைக் குறைத்து விளைச்சல் குறைந்தால் வங்கிக் கடனை யார் கட்டுவது? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத எந்தச் சூழல் திட்டமும் எங்கள் தோட்டங்களில் நிற்காது.

காடு திரும்பி வந்த காணிகள்

உயிரும் நிலமும் ஒன்றையொன்று மாற்றுவதை எங்கள் மக்கள் வேறொரு இடத்திலும் கண்டார்கள். ஊரைவிட்டுப் போய்ப் பத்து, இருபது வருடங்களின் பின் திரும்பியபோது வீட்டுக்குள் மரம் நின்றது. முதலில் புல்லும் எருக்கலையும் வந்திருக்கும். பறவை எச்சத்தில் வேம்பு வந்திருக்கும். அதன் நிழலில் மண் ஈரம் பிடிக்க, அடுத்த மரங்கள் வந்திருக்கும். சுவர் வெடிப்பில் ஆல் வேர்விட்டு, வேர் வெடிப்பை அகட்டியிருக்கும். கிணறு தூர்ந்திருக்கும். ஒரு வளவு காடாகும் முறை இதுதான்.

வன்னியிலும் கிழக்கிலும் இப்படிப் பற்றை பிடித்த பல காணிகள் போருக்குப் பின் வனம் என்று எல்லையிடப்பட்டன. உரிமையாளர்கள் தங்கள் வயலுக்குள் இறங்க முடியாமல் திணைக்களங்களின் வாசலில் நின்றார்கள், இன்னும் நிற்கிறார்கள். காடு வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. ஷெல்லடிக்குப் பயந்து விட்டுப்போன காணியை, ஆளில்லாத காணியாகக் கணக்கெடுத்ததைத்தான் கேட்கிறார்கள். வான்படத்தில் தெரியும் பச்சைக்கு வரலாறு தெரியாது. அந்தப் பச்சைக்குக் கீழே வரம்பும் வாய்க்காலும் அத்திவாரமும் இருக்கின்றன. குளமும் வயலும் கட்டாக்காடும் சேர்ந்ததே வன்னியின் சூழல். அதை உருவாக்கியவர்களில் மனிதரும் அடக்கம். மனிதரை வெளியே நிறுத்திவிட்டு இயற்கையைக் காக்கும் முறை அந்த நிலத்தின் வரலாற்றுக்கே பொருந்தாது.

மறுபுறம், போர் அழித்த உயிர்களையும் கணக்கில் எடுக்க வேண்டும். பங்கருக்கும் காவலரணுக்கும் தறிக்கப்பட்ட பனைகள், ஷெல்லில் வட்டு இழந்து மொட்டையாக நின்ற பனைகள் எத்தனை என்று யாராலும் சரியாகச் சொல்ல முடியாது. வலிகாமத்தில் எங்கள் வளவில் பங்கர் வெட்டியபோது அரை ஆள் ஆழத்தில் கல் வந்துவிட்டது, மிச்ச உயரத்தை மண்மூட்டையாலும் பனங்குற்றியாலும்தான் கட்டினார்கள். அந்தக் கல்லும் அந்தப் பனையும் சேர்ந்துதான் எங்களைக் காத்தன. ஒரு பனை காய்க்கவே 12 முதல் 20 வருடங்கள் எடுக்கும். இன்று நடும் விதை அடுத்த தலைமுறைக்குத்தான் பயன் தரும்.

இப்போது செய்யக்கூடியவை

உலகச் சூடேற்றத்தில் எங்கள் பங்கு மிகச் சிறியது, அதன் பாதிப்பில் எங்கள் பங்கு சிறியதல்ல. 1900 முதல் உலகக் கடல்மட்டம் சராசரியாக ஏறக்குறைய 20 சென்ரிமீற்றர் உயர்ந்திருக்கிறது. கடல் உயர்ந்தால் நன்னீரை அடியிலிருந்து உவர்நீர் நெருக்கும். கடல் காபனீரொட்சைட்டைக் கூடுதலாக உறிஞ்சுவதால் அமிலத்தன்மை ஏறுகிறது. ஓடு கட்டும் உயிர்களுக்கு ஓடு கட்டுவது கடினமாகிறது. எங்கள் கல்லைக் கட்டிய வேலையே தடைப்படுகிறது.

இவற்றை நாங்கள் தனியாக நிறுத்த முடியாது. ஆனால் கிணற்றடியில் செய்யக்கூடியவை இருக்கின்றன. கிணற்றுநீரைப் பரிசோதிக்கச் சொல்லிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்கலாம். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இது அவசரம். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். குளோரின் போட்டாலும் போகாது. மலசலகூடக் குழியை அடியும் பக்கமும் நீர் கசியாத தொட்டியாகக் கட்டுவது நல்லது. வெடிப்புள்ள கல்லில் தூரம் மட்டும் காப்பாற்றாது. உரத்தை ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்துப் போட்டால், பெருமழைக்கு முன் போடாமல் விட்டால், பயிர் எடுப்பது கூடும், கீழே போவது குறையும், செலவும் குறையும். ஊரில் ஒரு குளம் தூர்ந்து கிடந்தால் அதைத் துப்புரவாக்குவது ஒரு நாள் சிரமதானத்தோடு முடிகிற வேலை அல்ல. குளத்துக்குத் தண்ணீர் வரும் வாய்க்கால் எங்கே அடைபட்டது என்று தேட வேண்டும். பெரும்பாலும் யாரோ ஒருவரின் மதிலில்தான் அது அடைபட்டிருக்கும். அங்கேதான் உண்மையான வேலை தொடங்கும்.

சட்டமும் ஒரு வழி. சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரத்தில் 2019 இல் உயர் நீதிமன்றம் மின் உற்பத்தி நிறுவனம் ஒன்றை 2 கோடி ரூபா நட்டஈடு வழங்கப் பணித்தது. தண்ணீர் பழுதானது என்று மக்கள் கத்தியது வெறும் கூச்சல் அல்ல என்பதற்கு அது ஒரு சான்று. முதலில் ஒரு கிணறு, பிறகு பக்கத்துக் கிணறு என்று அந்த எண்ணெய் பரவிய விதம், எங்கள் எல்லோருடைய கிணறுகளும் கீழே ஒன்றே என்பதையும் காட்டியது. மேலே காணிக்கு எல்லை உண்டு, வேலி உண்டு, உறுதி உண்டு. கல்லுக்குள் ஓடும் தண்ணீருக்கு அவை எதுவும் தெரியாது.